ஐந்துக்கு ஐந்து

செகந்திராபாத்தில் எங்கள் சபையில், ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி சொல்லும் வேளை ஒன்று உண்டு. 2024-ம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் எழுந்து நின்றேன். ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் மேற்படிப்புப் படிக்கும் என் மூத்த மகள், முதல் செமஸ்டர் தேர்வில் ஒரு பாடத்தில் ஐந்துக்கு ஐந்து பெற்றுத் தேறினாள் என்று சாட்சி கூறினேன். சபையார் கைகளைத் தட்டி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள்.

அந்தச் சாட்சி உண்மையல்ல. நான் பொய் சொல்லவில்லை. ஆயினும் நான் சொன்னது உண்மையல்ல. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனெனில் அந்நாள் முதல், பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் பலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள்.

என் தகப்பனார் நாசரேத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து லாலாகுடா ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். அவர் ஊருக்கு எழுதிய கார்டுகள் சிலவற்றை என் பாட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எல்லாக் கார்டுகளிலும் முதல் வரி ஒன்றே: இங்கு நான் நலம், அங்கு யாவரும் நலமா. அவற்றுள் ஒன்று, அவர் டைபாய்டு காய்ச்சலில் இருபது நாள் கிடந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பது பிற்காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வெளியூர் போனவன் வீட்டுக்கு எழுதும் முறை அதுதான் என்று நாங்களும் எண்ணிக்கொண்டோம்.

இப்போது எங்கள் நகரத்திலிருந்து புறப்படும் பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. அமீர்பேட்டை வீதிகளில் ஒரு மாடிக்கு ஒரு பயிற்சி நிலையம். கண்டி பேட்டை ஏரிக்கரையை ஒட்டிய சில்கூர் கோவிலில் விசாவுக்காகப் பதினொரு சுற்றுச் சுற்றுகிறவர்களைக் குறித்து எங்கள் சபையில் சிலர் புன்னகைப்பதுண்டு. ஆனால் எங்கள் ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்தால் பாதிச் சீட்டுகளில் விசா என்றே எழுதியிருக்கும். நானும் எழுதினேன், மூன்று வெள்ளிக்கிழமை உபவாசமும் இருந்தோம்.

விசாவுக்கு முன்னுள்ள படிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்திய மாணவருக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை பிளாக்ட் அக்கவுண்ட் என்னும் கணக்கில் முன்னதாகவே கட்ட வேண்டும். 2023-ல் அது 11,208 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய். (2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ.) அந்தப் பணம் நம்முடையதே, ஆனால் 2023-ல் மாதம் 934 யூரோ வீதமே பிள்ளையின் கைக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை என்பதால்தான் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் ஜெர்மனியை நினைக்கிறோம். பத்து லட்சத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கினேன். செப்டம்பர் மாதம் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் அவளை வழியனுப்பினோம். அதற்குப் பின்னுள்ளவை எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

வாரந்தோறும் ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் பேசுவோம். குளிர்காலத்தில் அங்கே நான்கரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். அவளுக்கு மாலை நான்கு மணி. ஆனால் டிசம்பரில் அந்நேரமே அங்கு இருட்டிவிடுகிறது. காலையிலும் எட்டு மணிக்குப் பிறகே விடிகிறது. அவளுக்குப் பின்னால் எப்போதும் கறுத்த ஜன்னலே தெரியும். விளக்கைப் போடு மா என்பேன். போட்டுத்தான் இருக்கிறேன் அப்பா என்பாள்.

அவள் சொன்னவற்றையெல்லாம் நாங்கள் வேடிக்கைக் கதைகளாகவே கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. சனிக்கிழமை இரவுக்குள் ரொட்டியும் பாலும் வாங்காவிட்டால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் லாலாகுடாவில் இரவு பதினொரு மணிக்கும் தோசை மாவு வாங்குகிறவர்கள், சிரித்தோம். குப்பையை நான்கு விதமாகப் பிரித்து நான்கு தொட்டிகளில் போட வேண்டும். தவறினால் பக்கத்து அறை அம்மையார் எடுத்துக் காட்டுவார். தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் கூடுதலாக வைத்து வாங்கி, வெற்றுப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். விடுதியில் மற்றவர்கள் விட்டுப்போகும் பாட்டில்களைத் தான் சேர்த்துக் கொண்டுபோவதாகவும், ஒருமுறை நாற்பது பாட்டிலுக்குப் பத்து யூரோ கிடைத்ததாகவும் சொன்னாள். கெட்டிக்காரி என்றேன். ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கவில்லை.

ஜனவரி மாதத்தில், கடனுக்கு வட்டி கட்டும் தேதி வந்தபோது, இந்த மாதம் சற்றுச் சிரமம் என்று அவள் தாயாரிடம் சொன்னேன். அழைப்பு இணைப்பில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் அவள் வீட்டுக்கு மாதம் இருநூறு யூரோ அனுப்பத் தொடங்கினாள். ஒரு சரக்குக் கிடங்கில் பகுதிநேர வேலை என்றாள். மணிக்கு 12.41 யூரோ, அவ்வாண்டின் குறைந்தபட்சக் கூலி. மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்றிருந்ததை 2024 மார்ச் முதல் 140 ஆக உயர்த்தியிருந்தார்கள். அதை நல்ல செய்தி என்று அவளுக்கு நானே எழுதினேன். அந்த வேலை சனிக்கிழமை இரவு பத்து மணி முதல் ஞாயிறு காலை ஆறு மணி வரை என்பதையும், வாரநாளில் ஒரு மாலையும் உண்டு என்பதையும் அவள் சொல்லவில்லை. ஞாயிறு மாலை அழைப்பில் அவள் கண்கள் சிவந்திருப்பதற்குக் குளிர் காரணம் என்று நாங்கள் நினைத்தோம்.

அவளை மட்டும் சொல்வது நியாயமல்ல. அதே பிப்ரவரியில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. தேர்வு நேரம், பிள்ளை கலங்கிவிடுவாள் என்று மறைத்தோம். அம்மா எங்கே என்று அவள் கேட்ட ஞாயிறுகளில், பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். இரண்டு வாரம் அப்படிச் சொன்னேன்.

மார்ச் மாதம் முடிவுகள் வந்தன. மூன்று பாடங்கள். "ஒன்றில் 2.3, ஒன்றில் 3.0, ஒன்றில் 5.0 அப்பா" என்றாள். நான் அறிந்த கணக்கில் பெரிய எண்ணே பெரிய மதிப்பெண். "ஐந்துக்கு ஐந்தா! ஸ்தோத்திரம்! 2.3-க்காக வருந்தாதே மா, அடுத்த முறை ஏற்றிக்கொள்ளலாம்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். அன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஜெர்மனியில் 1.0 என்பதே உச்சம். 4.0 வரை தேர்ச்சி. 5.0 என்றால் தோல்வி. நான் தேற்றிய 2.3 நல்ல மதிப்பெண். நான் துள்ளிக் குதித்த 5.0 தோல்வி. அடுத்த ஞாயிறு நான் சபையில் எழுந்து நின்றேன். அந்தச் சாட்சியை யாரோ ஒரு சிறுவன் கைப்பேசியில் பதிவு செய்து, சபைக் குழுவில் போட்டு, அது அவளுக்கும் போய்ச் சேர்ந்தது.

நவம்பர் மாதம்தான் அவள் வாய் திறந்தாள். "அப்பா, ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவையும் கூப்பிடுங்கள்" என்றாள். அந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறாள். இரண்டாம் முறையும் 5.0. அங்கே பெரும்பாலும் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகளே. மூன்றாவதும் தவறினால் அந்தப் படிப்பை அந்நாட்டில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர்வது அநேகமாக இயலாது. மாணவர் விசாவே படிப்பை நம்பி இருப்பது. "நீங்கள் சபையில் சொன்னதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை அப்பா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. கோபம் அவள் தோல்வியின் மேல் அல்ல. நாளை போதகர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே முதலில் வந்த எண்ணம். பத்து லட்சம் இரண்டாவதாக வந்தது. பிள்ளை மூன்றாவதாக வந்தாள். என் மனைவிதான் கைப்பேசியை வாங்கி, "சனிக்கிழமை இரவு எங்கே தூங்குகிறாய்?" என்று கேட்டாள். அப்போதுதான் கிடங்கு வேலையின் நேரம் வெளியே வந்தது. பேச்சின் முடிவில் என் மனைவி தன் அறுவைச் சிகிச்சையைச் சொன்னாள். அவள் அழுதது தன் தேர்வுக்காக அல்ல, அதற்காக.

அந்த வாரமே வேலையை நிறுத்தச் சொன்னேன்; இருநூறு யூரோ வேண்டாம் என்றேன். வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றிக் கேட்டேன். அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

தேர்வு வரையிலான மூன்று மாதங்களில் நான் ஓய்வூதிய வேலையாக நாம்பள்ளிப் பக்கம் அடிக்கடி போக நேர்ந்தது. அங்கே சரோஜினி நாயுடுவின் குடும்பம் வாழ்ந்த 'கோல்டன் த்ரெஷோல்ட்' இல்லம் இருக்கிறது. இப்போது ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு உரியது. நிஜாமின் உதவித்தொகையில் 1895-ல், தம் பதினாறாம் வயதில், அவர் இந்நகரிலிருந்து இங்கிலாந்து சென்று லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியிலும் படித்தார். உடல்நலம் குன்றி, 1898-ல் பட்டமின்றியே திரும்பினார். அவர் தகப்பனார் அகோரநாத் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஹைதராபாத்தில் கல்லூரி நிறுவியவர். பட்டமின்றி வந்த மகளை அந்தப் பேராசிரியர் வாசலில் எப்படி வரவேற்றிருப்பார் என்று அந்த மதிலருகே பேருந்துக்கு நின்றபடி எண்ணுவேன். புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அங்கே அவளும் வேறு விதமாக நாட்களைக் கழித்தாள். முன்பு சொல்லாதவற்றைச் சொல்லத் தொடங்கினாள். திங்கள் மாலைகளில் புனித நிக்கோலாய் ஆலயத்துக்குப் போய் உட்காருவாளாம். 1989 அக்டோபர் 9-ம் தேதி, அங்கு நடந்த சமாதான ஜெபத்துக்குப் பின் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் ஆயுதமின்றி வீதியில் நடந்தார்கள்; ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்தத் திங்கள் ஜெபம் இன்றும் நடக்கிறது. பாஷை பாதிதான் புரிகிறது, ஆனால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது அப்பா என்றாள். ஒரு சனிக்கிழமை ரயிலில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஹாலே நகருக்குப் போனாள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரை அனுப்பியவர்களோடு இணைந்திருந்த பிராங்கே நிறுவனம் அங்கே இருக்கிறது. அதன் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் உண்டு. செகந்திராபாத்தில் தெலுங்கும் இந்தியும் படித்து வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். தரங்கம்பாடி எந்த ஊர் பக்கம் அப்பா என்று அங்கிருந்து கேட்டாள். அதுவரை எங்களிடம் அவள் ஊரைப்பற்றிக் கேட்டதே இல்லை.

2025 மார்ச் மாதத்தில் 3.7 வந்தது. தேர்ச்சிதான், மயிரிழையில்.

அந்த ஞாயிறு சாட்சி வேளையில் மீண்டும் எழுந்தேன். போன வருடம் நான் சொன்னது தவறு, அது ஐந்துக்கு ஐந்து அல்ல, தோல்வி, இந்த 3.7 அதே பாடத்துக்கு மூன்றாம் முயற்சி என்றேன். யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்து காலணி மாட்டும்போது, எங்களிடம் அதிகம் பேசாத ஒரு சகோதரி அருகில் வந்தார்கள். அவர்கள் மகன் அயர்லாந்தில் இருக்கிறான். "அண்ணா, எங்கள் தம்பி எப்போதும் நலம் நலம் என்றே எழுதுகிறான். என்ன கேட்டால் மற்றதைச் சொல்வான்?" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்: மார்க்கைக் கேட்காதீர்கள், சனிக்கிழமை இரவு எங்கே இருந்தான் என்று கேளுங்கள்.

இப்போது ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்கு பிளாக்ட் அக்கவுண்ட் கணக்கைச் சொல்லி முடித்தபின், 1.0 எது, 5.0 எது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். மூன்று வாய்ப்பு என்பதையும் எழுதுகிறேன். சிலர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கிறார்கள். சிலர் மேசையிலேயே விட்டுப்போகிறார்கள்.

போன ஞாயிறு எட்டரை மணிக்கு அழைத்தோம். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"இன்று நன்றாக இல்லை அப்பா. தலைவலி. யாரோடும் பேசவில்லை."

"சாப்பிட்டாயா?"

"ரொட்டி நேற்றே தீர்ந்துவிட்டது. வாங்க மறந்துவிட்டேன். இன்று கடையும் இல்லை."

"அரிசி இருக்கிறதா?"

"இருக்கிறது."

என் மனைவி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி, சீரகமும் மிளகும் இருக்கிறதா என்று கேட்டாள். டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. ரசம் கொதிக்கும் வரை நாங்கள் இணைப்பை வைக்கவில்லை.