மழைக்கால்

மடத்துக்குளத்தில் எங்கள் மானாவாரிக் காட்டில் நின்று தெற்கே நோக்கினால் மலை தெரியும். ஆடி மாதத்தில் அம்மலைமேல் மேகம் திரண்டு, சாம்பல் நிறக் கோடுகளாய் மழை இறங்கும். "கால் இறங்கிருச்சு" என்பார் அப்பா. மலை மறைவில் அமைந்த எங்கள் வரப்புக்கு அது வந்து சேர்வது அரிது. அதற்குமேல் அப்பா ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்தை அன்பின்மை என்றே இளமையில் எண்ணினேன்.

பிழைப்புக்காகத் திருப்பூர் சென்று, பனியன் துணியில் படம் அச்சிடும் வேலையில் சேர்ந்தேன். நிறம் ஒன்றுக்கு ஒரு ஸ்கிரீன். இம்மியளவு விலகினாலும் துணி பாழ். அங்கே சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியில்தான் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மழையைக் கண்டேன். 1857ஆம் ஆண்டின் மர அச்சோவியம் அது. திடீர் மழையில் ஒரு மரப்பாலம். குனிந்து விரையும் மனிதர்கள். வானிலிருந்து சாய்ந்திறங்கும் நூலிழைக் கோடுகள். அப்பா சொன்ன அதே கால்கள்!

பின்னர் அக்கலையைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் ஸ்கிரீனைப் போலவே அங்கும் நிறத்துக்கொரு பலகை. மழைக்கோட்டை அவர்கள் செதுக்குவதில்லை. சுற்றியுள்ள மரத்தையே செதுக்கி எறிகிறார்கள். எஞ்சி நிற்கும் மயிரிழை மேடே தாளில் மழையாகிறது. வெளிச்சத்துக்கோ பெரும்பாலும் தனி மையே இல்லை. மை படாமல் விட்ட தாளின் வெண்மைதான் வெளிச்சம். அடிவானம் மெல்ல வெளிறுவதற்காகப் பலகையில் தடவிய நிறத்தை ஈரத்தால் படிப்படியாக மங்கச் செய்கிறார்கள். 'பொகாஷி' என்பது அதன் பெயர்.

அம்மரபில் வந்த யோஷிதா ஹிரோஷி 1930இல் இந்தியாவுக்குப் பயணம் வந்தார். மதுரைக் கோயிலையும் தாஜ்மகாலையும் அச்சோவியங்களாக்கினார். தாஜ்மகாலை அதே பலகைகளைக் கொண்டு காலைப் பனியிலும் அச்சிட்டார், இரவிலும் அச்சிட்டார். பலகை மாறவில்லை, பூசிய நிறமே மாறியது.

என் மனத்திலும் அப்படியொரு பலகை உண்டு. நான் திருப்பூருக்குப் பஸ் ஏறிய விடியலில், பணத்தைக் கையில் திணித்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் நின்ற அப்பா. உழவு மாட்டை விற்ற பணம் அது என்பதை அவர் மறைந்த பிறகே அம்மா சொன்னார். அதுவரை அக்காட்சியை நான் இருள் நிறத்திலேயே அச்சிட்டு வந்திருந்தேன்.

இப்போது ஆடியில் ஊருக்குப் போனால் அதே வரப்பில் சற்று நேரம் நிற்பேன். மலைமேல் கால் இறங்கும். நானும் ஒன்றும் பேசுவதில்லை.