ஊருக்கே டிக்கெட்!

வெனிஸ் நகரில் சான் பர்த்தலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 2008-ல் அதன் ஜன்னலில் ஒரு எண் பலகை வைத்தார்கள். மணி காட்ட அல்ல, அந்தப் பழைய நகரத்தில் எத்தனை பேர் மிச்சம் வசிக்கிறார்கள் என்று காட்ட! 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடம். 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது.

அதற்காக ஊர் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சந்துகளில் நடக்க இடமில்லாத கூட்டம். காலையில் வந்து, போட்டோ எடுத்து, குப்பையைப் போட்டுவிட்டு மாலையில் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும்.

இவர்களைக் குறைக்க 2024 ஏப்ரல் 25 முதல் நகராட்சி நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு கூட்டம் அதிகமான 29 நாட்களுக்கு மட்டும், ஆளுக்கு 5 யூரோ. ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் கிடையாது, அவர்கள் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுகிறார்கள். 2025-ல் இதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் வாங்குபவர்களுக்கு 10 யூரோ என்றார்கள். தொடங்கிய அன்றே உள்ளூர்க்காரர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சொந்த ஊரை மியூசியம் ஆக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

பொருளியல் வகுப்பில் 'தேவை நெகிழ்ச்சி' படித்தவர்களுக்கு இது உடனே புரியும். விமானத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவழித்து வருகிறவர் 5 யூரோவுக்குப் பயந்து திரும்பிப் போவாரா? சான் மார்கோ சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாலே அதைவிட அதிகம் ஆகும்.

தடை என்றால் வேலை செய்கிறது. 2021 ஆகஸ்டில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஜியுதெக்கா கால்வாயில் விடக்கூடாது என்றார்கள், நின்றுவிட்டது. (பல கப்பல்கள் பக்கத்து மார்கேரா துறைமுகத்துக்குப் போயின என்பது வேறு கதை!)

ஆனால் ஊரைக் காலி செய்வது கப்பல் அல்ல, வாடகை. பள்ளி ஆசிரியருக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு லாபம். ஆசிரியர் போனால் ரொட்டிக்கடை போகும், அங்கே முகமூடிக்கடை வரும். இந்த நாள் வாடகையைக் கட்டுப்படுத்த 2022-லேயே இத்தாலிய நாடாளுமன்றம் வெனிஸுக்கு அதிகாரம் கொடுத்தது. அதைத்தான் முதலில் கையில் எடுத்திருக்க வேண்டும்.

முதல் வருடம் டிக்கெட்டில் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. பூட்டிக் கிடக்கும் அரசு வீடுகளை அந்தப் பணத்தில் பழுதுபார்த்து உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கொடுத்தால், மருந்துக்கடைப் பலகையில் எண் கொஞ்சமாவது ஏறும்.