நீங்கலாக

ஐதராபாத்தில் மொழியியல் ஆய்வகம் ஒன்றின் 14 சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பு முனைவர் பட்ட மாணவி ஒருவரிடம் வந்து சேர்ந்தது. ஊதியமற்ற பொறுப்பு, முன்பு கவனித்தவர் பட்டம் பெற்றுச் சென்றபோது கடவுச்சொற்களோடு கைமாறியது. அப்போது அவர் 'தவிர', 'ஒழிய', 'நீங்கலாக' ஆகிய சொற்களின் பொருண்மை குறித்து ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதிக்கொண்டிருந்தார்.

சர்வர்களை ஒவ்வொன்றாகத் திறக்காமல் ஆன்சிபிள் என்னும் கருவியால் மொத்தமாக ஆள்வது அங்கே வழக்கம். இன்வென்டரி என்ற கோப்பில் இயந்திரங்களின் பெயர்கள் குழு குழுவாக எழுதப்பட்டிருக்கும். கட்டளை எவற்றுக்கு என்பதைக் குழுப்பெயர்களாலேயே சொல்ல வேண்டும். இரு பெயர்களுக்கிடையே முக்காற்புள்ளி இட்டால் இரண்டும் சேரும். ஒரு பெயருக்கு முன் ஆச்சரியக்குறி இட்டால் அக்குழு விலகும். எந்த வரிசையில் எழுதினாலும் கருவி முதலில் சேர்த்துவிட்டுக் கடைசியில்தான் விலக்கும். வேற்றுமை உருபுகளின் துணையால் சொல்வரிசையைத் தளர்த்திப் பேசும் தமிழருக்கு இதில் வியப்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பின் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது, பயிற்சிக் குழுவின் 3 சர்வர்கள் நீங்கலாக. அவற்றில் இளைய மாணவர் ஒருவரின் பேச்சறிதல் மாதிரி 4 நாட்களாகப் பயின்றுகொண்டிருந்தது. விலக்க வேண்டிய குழுவின் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி விழுந்தன. அப்பெயருக்குப் பொருந்துவது எதுவுமில்லை, ஆகவே புறக்கணிக்கப்படுகிறது என ஊதா நிறத்தில் ஒரு வரி வந்தது. ஆன்சிபிள் இயல்பாக ஒரே நேரத்தில் 5 இயந்திரங்களைத் தொடும். கோப்பின் முதல் வரிகளில் இருந்தவை பயிற்சிக் குழுவினவே. அவர் கட்டளையை நிறுத்துவதற்குள் அவை அணைந்திருந்தன.

சேர்க்க வேண்டிய பெயரில் இதே பிழை நேர்ந்திருந்தால் கட்டளை ஓர் இயந்திரத்தையும் எட்டியிராது. விலக்க வேண்டிய பெயரில் நேர்ந்ததால் அனைத்தையும் எட்டப் புறப்பட்டது. கணக்கின்படி குற்றமில்லை, வெற்றுக் கணத்தைக் கழித்தால் எதுவும் குறைவதில்லை. ஆனால் "கண்ணன் நீங்கலாக எல்லோரும் வந்தார்கள்" என்பவர், கண்ணன் என்றொருவர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற முன்னனுமானத்தோடுதான் பேசுகிறார். அப்படி ஒருவரை அறியாத எவரும் "எந்தக் கண்ணன்?" என்று கேட்டுவிட்டே மேலே செல்வர். இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் அவர் 20 பக்கம் எழுதி வைத்திருந்தார்.

கருவியையும் கேட்க வைக்கலாம். பொருந்தாத பெயர் வந்தால் எச்சரிப்பதோடு விடாமல், பிழை என்று சொல்லி நின்றுவிடுமாறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். எதையும் நிறைவேற்றாமல் இலக்குப் பட்டியலை மட்டும் காட்டச் செய்யும் வழியும் உண்டு. இரண்டையும் கற்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விடுதியின் எதிர்ப்புறத்திலிருந்த மாணவரிடம் சென்று சொல்ல அதைவிட நேரம் பிடித்தது.

மதுரைக்காரரான அம்மாணவர் கோபப்படவில்லை. "கடைசியா எப்ப சேவ் ஆச்சுன்னு பாக்குறேன், அக்கா" என்று மடிக்கணினியைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை.