ஒரே சர்வே நம்பர், நாலு மண்

பட்டாவுல பரப்பு மட்டும்தான் இருக்கும். எங்க ஊர்ப் பேச்சுல மண்ணும் கூடவே வரும். "ஒரு காணி செவல்", "ஓடை ஓரம் அரைக் காணி களி", "மேட்டுக் கொல்லை, வெறும் சரளை". இதைக் கேட்ட உடனே அங்க என்ன விளையும், கோடையில தண்ணி நிக்குமா, ஏர் எப்ப இறங்கும்னு எதிர்ல இருக்கறவருக்குத் தெரிஞ்சுடும்.

போன தை மாசம் எங்க குடும்பத்துல பாகம் பிரிச்சோம். மயிலம் பக்கம் மூணு காணி, அதாவது நாலு ஏக்கருக்கு நாலு சென்ட் கம்மி. அக்கா, நான், தம்பி மூணு பேரு. அக்கா சென்னையில இருக்காங்க. "ஆளுக்கு ஒரு காணி அளந்து கல்லு நட வேண்டியதுதானே, மண்ணு மண்ணுதானேடா"ன்னாங்க. நிலத்துல அவ்வளவு சுலபமா இல்ல. மேற்கே மேட்டுல ஆரம்பிச்சு கிழக்கே ஓடை வரைக்கும் இறங்குற நிலம் அது. மேல அரை அடி தோண்டினா சரளை. நடுவுல ரெண்டரை, மூணு அடி ஆழத்துக்கு நல்ல செவல். கீழ கருப்புக் களி. ஓடை ஓரம் ஒரு மூலையில வெயில் காலத்துல வெள்ளை பூக்கும்.

அடியில இருக்கற பாறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், எங்க பக்கத்துக் கருங்கல். மேட்டுல விழுற மழை, பொடி மண்ணையும் சுண்ணாம்புச் சத்தையும் கீழ அடிச்சுக்கிட்டுப் போயிடுது. தண்ணி வடியற இடத்துல இரும்பு துருப்பிடிச்ச மாதிரி மண் சிவக்குது. தண்ணி தங்கற பள்ளத்துல களியும் சுக்கானும் சேர்ந்து கருப்பா நிக்குது. 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவுல மண் ஆய்வு செஞ்ச ஜெஃப்ரி மில்ன்ங்கறவர், இப்படிச் சரிவுல வரிசையா மாறுற மண்ணுக்குக் 'கேட்டினா'ன்னு பேர் வச்சார். லத்தீன்ல சங்கிலின்னு அர்த்தம். பாறை மாறினா மண்ணோட கதையே மாறிடும். கல்மரம் கிடக்கிற திருவக்கரைக்குப் போனா அங்க மணற்பாறை. மரக்காணம் போயிட்டா உப்பளம். இதெல்லாம் ஒரே விழுப்புரம் மாவட்டத்துக்குள்ள.

அரசாங்கமும் எங்க மண்ணை எழுதி வச்சிருக்கு. வருவாய்த் துறையோட அ-பதிவேட்டுல 'மண் வயனமும் ரகமும்'னு ஒரு கலம் உண்டு. இணையத்துல மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தா யாரும் பார்க்கலாம். எங்களுக்கு 8-3ன்னு இருக்கு. முதல் எண் மண்ணோட வகை: 7 செவ்வண்டல் கலந்த மண், 8 செம்மணல். ரெண்டாவது எண் அந்த வகைக்குள்ள தரம். 1 தான் உசத்தி. வெள்ளைக்காரங்க காலத்து செட்டில்மென்ட்டுல தீர்வை போடறதுக்காகச் செஞ்ச வகைப்பாடு இது. வரி போட ஒரு எண் போதும். அதனால எங்க களியும் சரளையும் சேர்ந்து 8-3க்குள்ள அடங்கிடுச்சு.

அடுத்தது மண்வள அட்டை. 2015-ல் வந்த திட்டம். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்துன்னு 12 விவரம் தரும். உரம் போட உதவுற காகிதம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா திட்டம் தொடங்கினப்போ இறவை நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரின்னு கட்டம் போட்டாங்க. எங்க மொத்த நிலமே 1.6 ஹெக்டேர்தான். அதோட, அந்த 12-ல் மண்ணோட ஆழமும் சரிவும் கிடையாது. பாகம் பிரிக்க அதுதானே வேணும்?

அதனால நாங்களே ஒரு படம் போட்டோம். புலப்படத்தைப் பெருசா நகல் எடுத்துக்கிட்டு, 30 தப்படிக்கு ஒரு குழின்னு கடப்பாரையும் மம்பட்டியுமா இறங்கினோம். ஒவ்வொரு குழியிலயும் பாறையோ சரளையோ தட்டற வரைக்கும் ஆழம் அளந்தோம். மண்ணை ஈரமாக்கிக் கையில உருட்டினோம். உருண்டை உதிர்ந்தா மணல். கட்டை விரலால தள்ளும்போது நாடா மாதிரி நீண்டா களி. சந்தேகம் வந்த மண்ணைக் கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சோம். மணல் ஒரு நிமிஷத்துல அடியில உட்காரும், வண்டல் ரெண்டு மணி நேரத்துல. களி அடங்க ஒரு நாளுக்கு மேல ஆகும். வெள்ளை பூத்த மூலையில இருந்து மட்டும் தனியா அரைக் கிலோ மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். உப்பு அதிகம், கார நிலை 8.5க்குக் கீழன்னு வந்துது. அப்படின்னா உவர். களரா இருந்தா ஜிப்சம் போடணும். உவருக்கு வடிகால் வெட்டி நல்ல தண்ணி தேக்கிக் கழுவி விடணும். ரெண்டுக்கும் செலவு வேற வேற.

படத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்தப்போ ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "மேலேர்ந்து கீழ வரைக்கும் நீட்டா மூணு பட்டையா அறுங்க, எல்லாருக்கும் எல்லா மண்ணும் வரும்"னார். அந்தக் காலத்துல அப்படித்தான் பிரிச்சாங்க. எங்க ஊர்ல துண்டு துண்டா நீளமான வயல் இருக்கறதுக்குக் காரணமும் அதுதான். ஆனா அவ்வளவு குறுகலான பட்டையில டிராக்டர் திரும்பாது, வரப்புக்கே பாதி நிலம் போயிடும். அதனால பரப்பைச் சமமா வைக்காம மண்ணுக்கு மண் ஈடு பார்த்தோம். சரளை 165 சென்ட், செவல் 105, களி உவர் மூலையோட சேர்த்து 126. செவல்தான் சின்னது. ஏன்னா மல்லாட்டைக்கு அதை விட்டா வேற மண்ணில்ல. விழுது சுலபமா இறங்கும், பிடுங்கும்போது காய் மண்ணுல தங்காது. பக்கத்துல திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைஞ்சதும், டி.எம்.வி. ரகங்கள் அங்கேருந்து வந்ததும் சும்மா இல்ல. கிணறு பொது.

மூணு பங்குல எது வந்தாலும் சம்மதம்னு மூணு பேரும் வாயால சொன்ன பிறகுதான் சீட்டுப் போட்டோம். தம்பிக்குச் செவல். அக்காவுக்குக் களி, குத்தகைக்கு நான் நெல்லு வைக்கிறேன். எனக்குச் சரளை. சீத்தாவும் நெல்லியும் வச்சிருக்கேன்.

திண்டிவனம் பக்கம் பண்ணை நிலம் வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம்னு விசாரிக்கறீங்க, சரிதான். கூடவே மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை போங்க. தண்ணி எங்க நிக்குது, எங்க கோரை முளைச்சிருக்குன்னு பாருங்க. மேல ஒரு குழி, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு, மூணு அடிக்குத் தோண்டச் சொல்லுங்க. விக்கறவர் தோண்ட விடலைன்னா காரணம் அந்த மூணு அடிக்குள்ளதான் இருக்கும்.