காமா அறைக்குப் பிறகு

கரியமில வாயுவை நன்றாகப் பிடிக்கும் வகை தேடிப் பாசிக்குக் காமாக் கதிர் காட்டுகிறோம் என்றால், ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக இரண்டடி தள்ளி நிற்பார்கள். பயம் வேண்டாம். கோபால்ட்-60இன் காமாக் கதிர் டி.என்.ஏ. இழைகளை அறுக்கும், பாசியைக் கதிரியக்கப் பொருளாக்காது. அறுந்ததைச் செல் தானே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். எங்கே தப்பாக ஒட்டுகிறதோ அங்கேதான் எங்களுக்கு வேலை.

கதிர் காட்டுவது எளிய பகுதி. குழாயை அறைக்குள் வைத்து நேரம் குறித்தால் முடிந்தது. (கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. ஆகவே போன வருஷத்து நேரக் கணக்கை இந்த வருஷம் நம்பக்கூடாது.) நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாகும் அளவில் கொடுப்பது வழக்கம். பிழைப்பவற்றில் பெரும்பாலானவை நோஞ்சான், இல்லாவிட்டால் மாறாமலே தப்பியவை.

கஷ்டம் பொறுக்குவதில் இருக்கிறது. அகார் தட்டில் கண் தானாகக் கரும்பச்சைப் புள்ளியைத் தேடிப்போகும். அதை நம்பக்கூடாது. அடர்ந்த வளர்ப்பில் கரும்பச்சைச் செல்கள் மேலடுக்கிலேயே தேவைக்கு மேல் ஒளியை விழுங்கி, மிஞ்சியதை வெப்பமாகக் கொட்டிவிடும். கீழே இருப்பவை இருட்டில் கிடக்கும். பச்சையம் குறைந்த வெளிறிய வகை ஒளியைக் கீழே விடும். அதற்காக வெளிறியதெல்லாம் நல்லதும் இல்லை, சில வெறும் நோயாளிகள். பச்சையத்தின் ஒளிர்வை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

எந்தக் காற்றில் வளர்த்துப் பொறுக்குகிறோமோ, அந்தக் காற்றுக்கு ஏற்ற வகைதான் கைக்கு வரும். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04%, நிலக்கரிப் புகையில் 10 முதல் 15%. வெளிக்காற்றில் ஓடி ஓடி வளர்ந்த வகை, புகை வாயுவை ஊதியதும் நீர் அமிலமாகித் துவண்டுவிடலாம். சீனாவின் ஹாங்சோவில் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் கதிரால் மாற்றிய குளோரெல்லா என்ற பாசியை 15% வாயுவுக்குப் பழக்கி எடுத்தார்கள். அந்த ஆய்வில் கதிரைவிட அந்தப் பழக்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி கணக்கு. உலர்ந்த பாசியில் பாதி கரி என்பதால், 1 கிலோ பாசி சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவைப் பிடித்திருக்கும். 500 மெகாவாட் நிலக்கரி அலகு முழு வேகத்தில் நாளுக்கு ஏறத்தாழ 12,000 டன் விடும். திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 20 கிராம் உலர்ந்த பாசி கிடைத்தாலே நல்ல விளைச்சல். அப்படியானால் அந்த ஓர் அலகுக்கு மட்டும் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் குளம் வெட்ட வேண்டும். சென்னை மாநகராட்சிப் பரப்பில் முக்கால் பங்கு. விளைச்சலை இரட்டிக்கும் வகை கிடைத்தாலும் பாதிதான் குறையும். பிடித்ததை எரிபொருளாக்கி எரித்தாலோ, கரியமில வாயு வந்த வழியே போய்விடும். அனல்மின் புகைபோக்கிக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாராய ஆலையின் நொதிப்புத் தொட்டி வேறு விஷயம்: அளவு சிறியது, வாயு சுத்தம், கந்தகம் அநேகமாக இல்லை.

அங்கேயும் மூடிய குழாய்தான் வேண்டும். திறந்த குளத்தில் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு பாசியை மேய்ந்துவிடும். கரும்பச்சைக் காட்டுப் பாசி கொஞ்சம் நுழைந்தாலும் ஒளியைப் பிடுங்கிக்கொண்டு வெளிறியதை ஓரங்கட்டிவிடும். மூடியிருந்தாலும் அவ்வப்போது எடுத்துத் தட்டில் பரப்பி, கருத்துவரும் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே இருக்கிறோம்.