பாரிஸுக்குப் பதில் போர்ட் கிள்ளான்

ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இது. 1886 செப்டம்பர் 15ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் விட்டார்கள். 1890இல் ஆற்றின்மேல் பாலம் கட்டிக் கிள்ளான் ஊருக்குள் வந்தார்கள். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தபோது தண்டவாளம் கப்பலடிவரை போயிருந்தது. ஈயம் இறங்கிப் போன அதே வழியில் அரிசியும் துணியும் ஏறி வந்தன. நம் ஆட்களும் வந்தார்கள்.

என் அக்கா மகள் ஆடை வடிவமைப்புப் படிப்பில் கடைசி ஆண்டு. வகுப்பில் வசதியுள்ள பிள்ளைகள் விடுமுறைக்குப் பாரிஸ், மிலான் என்று போய், ஸ்கெட்ச் புத்தகம் நிறைய வரைந்துகொண்டு வருகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. "மியூசியம், பழைய கட்டடம், கடைத்தெரு, தையல் பட்டறை எல்லாத்தையும் ஒரே டிரிப்ல பார்த்துடுறாங்க சித்தி" என்றாள். அத்தனையும் கொமுட்டர் ரயில் பாதையிலேயே இருக்கிறது என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை பேங்க் நெகாரா நிலையத்துக்கு வரச் சொன்னேன். வண்டி வடக்கே தஞ்சோங் மாலிமிலிருந்து வருகிறது. எங்களுக்கு வேண்டியது கோலாலம்பூரிலிருந்து கடல்வரை போகும் பழைய பாதை மட்டும்தான்.

பேங்க் நெகாராவில் இறங்கி கொம்பாக் ஆற்றைத் தாண்டினால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். வயதானவர்கள் இன்னும் பத்து ரோடு என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பின்னால் மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் 1863இல் எழுப்பிய பள்ளிவாசல் பெயரைத்தான் தெருவும் வைத்திருக்கிறது. இங்கே சிந்திக்காரர், குஜராத்திக்காரர், தமிழ் முஸ்லிம் என்று எல்லாருக்கும் துணிக்கடை உண்டு. சேலையும் மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் துணியும் ஒரே மேசையில் விற்கிறார்கள். ஒரு கடையில் மலாய்க்கார அம்மாள் ஒருவர் பெருநாளுக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் துணியின் ஒரு முனையை உள்ளங்கையில் வைத்து இறுக்கக் கசக்கி, விரித்துக் காட்டினார். சுருக்கம் தானாக விரிந்து மறைந்தது. மலாயில் விலை சொன்னார், தமிழில் பையனிடம் கத்தரிக்கோல் கேட்டார். என் அக்கா மகள் தானும் ஒரு முனையை வாங்கிக் கசக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் பொம்மைக்கு மாட்டி வைத்த உடுப்பை இப்படிக் கசக்கிப் பார்க்க எந்த ஊரிலும் விடமாட்டார்கள்.

நடக்கிற தூரத்தில், மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம். கட்டடத்தின் கதை எனக்குப் பிடித்தது. 1905இல் ரயில்வே தலைமை அலுவலகமாகக் கட்டியது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். ரயில்வேக்காரர்கள் போய், 2010இல் சொங்கெட்டும் பாத்தேக்கும் சரவாக்கின் புவா கும்புவும் குடிவந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து மலாய் நாட்டுக்குத் துணி வந்தது நேற்றைய கதை இல்லை. மலாய் ஆண்கள் வீட்டில் கட்டும் கட்டம்போட்ட கைலியான கெயின் பெலிகாட், பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய சரக்கு.

பாஜு கூரோங்கை அவள் பள்ளிச் சீருடையாகவே போட்டு வளர்ந்தவள். ஆனாலும் அதன் வெட்டை அன்றுதான் அங்கே உட்கார்ந்து பார்த்தாள். ஜொகூர் சுல்தான் அபு பக்கர் காலத்தில் பேர் பெற்ற தெலோக் பெலாங்கா வகை அது, கழுத்தில் பட்டை இல்லாதது. உடம்பின் வளைவுக்குத் துணியை வளைத்து வெட்டுவதில்லை. எல்லாம் நேர்த் துண்டுகள். பக்கவாட்டில் பெசாக் என்ற நீளத் துண்டு. அக்குளில் கெகெக் என்ற சின்னத் துண்டு, கையைத் தூக்கினால் தையல் விடாமல் இருக்க. துணி ஏறக்குறைய வீணாகாது. பாரிஸில் படித்துவிட்டு வந்து லண்டன் ஃபேஷன் வீக் வரை போன நம் ஆடை வடிவமைப்பாளர் பெர்னார்ட் சந்திரன், இங்கே பெயர் வாங்கியது இந்தக் கூரோங்கையும் கெபாயாவையும் புதிதாக வெட்டித் தைத்துத்தான். பாரிஸ் போகக் கூடாது என்பதில்லை. எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம், 1910. இதுவும் ஹப்பேக் கைவேலைதான். வெளியே வெள்ளைக் குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும். உள்ளே போனால் இரும்புக் கூரையுடன் அசல் இங்கிலீஷ் ஸ்டேஷன். 2001இல் சென்ட்ரல் திறந்ததிலிருந்து தூர வண்டிகள் அங்கே போய்விட்டன. இவ்வளவு பெரிய நடைமேடையில் கொமுட்டருக்குக் காத்திருக்கும் கொஞ்சம் பேர்தான். அவள் ஒரு வளைவைச் சட்டைக் கழுத்தாக வரைந்து பார்த்து, "கழுத்து கீழ இறங்கிடும்" என்று அடித்துவிட்டாள்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 1881 தீயும் வெள்ளமும் ஊரை அழித்தபின், ஓலைக்கும் பலகைக்கும் பதில் செங்கல்லில் கட்டு என்றது அரசாங்கம். அந்தச் செங்கல்லைச் சுட்டது இங்கேதான். பிறகு ரயில்வே யார்டும் தொழிலாளர் குடியிருப்பும் வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டுடன் அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களைப் பழைய படங்களில் பார்க்கலாம். அதே தண்டவாளத்தில் ஜல்லி கொட்டிய கூலிக்காரர் இடுப்பில் ஒரு வேட்டித்துண்டுதான். யார் எந்த வேலை என்பதை உடுப்பே சொல்லிவிடும்.

2010இல் அப்போதைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் இங்கே லிட்டல் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவுகள், வண்ணப் பூச்சு, பாட்டுச் சத்தம் என எல்லாம் சுற்றுலாக்காரர் கேமராவுக்கு நன்றாக இருக்கும். எனக்குப் பிடித்தது துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் குறுகலான மாடிப்படிதான். ஏறினால் தையற்கடை. தீபாவளிக்கு முன்னால் ஜாக்கெட் தைக்கத் துணி கொடுத்தவர்களுக்கு அந்தப் படியின் அருமை தெரியும். நாங்கள் போன கடையில் ஒரு தையற்காரர் பட்டுச்சேலையின் கரையைப் பிரித்துக் கூரோங் கைக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கரையின் ஜரிகை ஊசியில் சிக்காமலிருக்க அடியில் ஒரு தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்தார். அக்கா மகள் அதை வீடியோ எடுக்கலாமா என்று கேட்டாள். "எடும்மா, இது என்ன ரகசியமா" என்றார். கீழே இறங்கி வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு மறுபடி வண்டி ஏறினோம்.

பெண்களுக்கென்று 2010இல் விட்ட பெட்டியில் இடம் கிடைத்தது. தலைமுடி மூடிய துடோங், சாயம்போன ஜீன்ஸ், பஞ்சாபி சூட், தாதியின் வெள்ளைச் சீருடை எல்லாம் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தன. அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் பாதிப் பெட்டி காலி. மேம்பாலம் ஏறினால் பெரிய மால், ஐரோப்பியக் கடைகள். நாங்கள் இறங்கவில்லை. பெட்டாலிங், ஸ்ரீ செத்தியா, சுபாங் ஜெயா. சீஃபீல்ட் தோட்டம் இருந்த இடம்தான் இந்த சுபாங் ஜெயா. ஷா ஆலமும் தோட்டத்து மண்தான். பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக். பார்க்க அதிகம் இல்லை. அவள் தூங்கிவிட்டாள்.

கிள்ளானில் எழுப்பினேன். நிலையத்துக்கு அருகிலேயே ஜாலான் தெங்கு கெலானா. பிரிக்பீல்ட்ஸைவிட இது எனக்கு நிஜமான தெரு. இங்கே வருபவர்கள் சாமான் வாங்க வருகிறார்கள்: பித்தளை விளக்கு, முறுக்கு, மாலை, கல்யாணச் சேலை. சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் வந்து இறங்கிய கூட்டத்தால் வளர்ந்த தெரு. அந்தத் தோட்டங்களில்தான் 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின.

தெலோக் பூலாயில் என் பெரியம்மா வீடு. பசியாறச் சொல்லிவிட்டு, பிள்ளை துணியைப் பற்றிப் படிக்கிறாள் என்று கேட்டதும் கட்டிலடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். மேலே பட்டுச்சேலைகள். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அடியில் கிடந்த ஓர் ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டையை எடுத்தாள். பெரியம்மா சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு மரம் சீவப் போன சட்டை. முன்கை முழுக்க ரப்பர் பால் காய்ந்து கறுத்து, தோல்போல விறைத்து நின்றது.

"பால் பட்டா போகாதுடி. எந்த சவுக்காரத்துக்கும் போகாது."

சட்டையை உள்பக்கம் திருப்பினாள். அக்குளில் மாவுச்சாக்குத் துணியில் நாலு மூலைத் துண்டு ஒன்று கையால் தைத்திருந்தது. "பாட்டி, இது கெகெக்!" என்றாள். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. மேல்பட்டை சீவும்போது கையைத் தூக்கித் தூக்கி அந்த இடம் கிழிந்துகொண்டே இருந்ததாம். கம்பத்து மலாய்க்காரம்மா ஒருவர் தன் உடுப்பைக் காட்டி, இப்படி வைத்துத் தை என்றாராம். அக்கா மகள் இன்ச் டேப்பை எடுத்து அளந்தாள், தாளில் வைத்துக் கோடு போட்டாள், பொத்தான்களை எண்ணினாள். ஒன்றுக்கொன்று சேராத பொத்தான்கள். "மிலானுக்குப் போயிருந்தா நான் ஷாப்பிங்தான்லா பண்ணியிருப்பேன் சித்தி" என்றாள், தலை நிமிராமல்.

பெலாபுஹான் கிள்ளான், அதாவது போர்ட் கிள்ளான், கடைசி நிலையம். துறைமுகம் திறந்த புதிதில் மலேரியா கண்டபடி ஆட்களைக் கொன்றது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்த பிறகுதான் அடங்கியது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ரஜூலா கப்பல் பினாங்கு வழியாக இங்கே வந்து ஆட்களை இறக்கியது. 1972இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரைப் போர்ட் கிள்ளான் என்று மாற்றினார்கள். இப்போது நிலையத்துக்கு எதிரே கேத்தாம் தீவுக்குப் படகு போகிறது. கன்டெய்னர்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.

அக்கா மகளின் கடைசி ஆண்டு வேலை தோட்டத்துப் பெண்களின் உடுப்பைப் பற்றியது என்று முடிவாகிவிட்டது. கல்யாணப் பட்டு கேட்டால் எல்லா வீட்டிலும் கிடைக்கிறது. வேலைக்குப் போட்ட துணிதான் கிடைப்பதில்லை, கிழிந்ததும் எரித்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பால்கறை பட்ட சட்டையோ தலைத்துண்டோ இன்னும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி அதோடு மடித்து வையுங்கள். போட்டவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள்.