சுவரில் தலைகீழாய் நின்ற வேப்பமரம்



சென்ற கோடையில் ஒரு நாள். லுஹர் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது மின்சாரம் நின்றிருந்தது. வானூரின் அனல்காற்றும் செம்மண் புழுதியும் உள்ளே வராதிருக்க, கிழக்குப் பக்கச் சன்னலின் மரக்கதவுகளைச் சாத்திவிட்டு இருட்டில் கண்ணயர்ந்தோம். அசர் நெருங்கும் வேளையில் மகளின் குரல் எழுப்பியது.

"அத்தா, இங்க பாருங்க. சுவத்துல வேப்பமரம் தலைகீழா நிக்குது."

சன்னல் பலகையில் ஆணி கழன்ற ஒரு சிறு துளை. அதன் வழியே வந்த ஒளி எதிர்ச் சுவரில் எங்கள் தெருவையே வரைந்திருந்தது. மேற்கு வெயில் பட்ட வேப்பமரம், அதற்கப்பால் உள்ள மாடி வீடு, மிதிவண்டியில் போன ஒருவர், எல்லாம் வண்ணத்தோடும் அசைவோடும் தலைகீழாகத் தெரிந்தன. ஊசித்துளைக் காமிரா என்று பள்ளியில் படித்ததுதான். ஆயினும் நம் வீட்டுச் சுவரில் காணும்போது வாயடைத்துப் போனோம்.

"இத நான் வரையலாமா?" என்று மகள் கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவளுடைய வரைபட நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். "கணக்குப் போடு, படம் போடாதே" என்றோம். "படம் வரையறது நமக்கு ஆகாது" என்று அவளுடைய நன்னியும் சேர்ந்துகொண்டார். படிப்பும் ஓவியமும் வேறு வேறு, மார்க்கமும் ஓவியமும் பகை என்று நாங்களே ஒரு வேலியைக் கட்டியிருந்தோம்.

அவ்வேலியை அசைத்தவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற இருட்டறையில் நின்ற ஒரு முஸ்லிம் அறிஞர்.

இப்னுல் ஹைதம் (ரஹ்) கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்தவர். நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதற்கு யூக்ளிட், தாலமி முதலிய கிரேக்க மேதைகள் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று சொல்லியிருந்தனர். இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். ஒளிபட்ட பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது, அதில் ஒரு பகுதி கண்ணை வந்தடைகிறது என்றார். வாதத்தோடு நில்லாமல், சிறு துளை கொண்ட இருண்ட இடத்தின் முன் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. பல ஒளிகள் ஒரே துளையில் நுழைந்தும் ஒன்றோடொன்று கலக்காமல் தத்தம் நேர்கோட்டில் செல்கின்றன என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஏழு பகுதிகள் கொண்ட 'கிதாபுல் மனாளிர்' என்னும் அவருடைய நூல் இந்த ஆய்வுகளின் தொகுப்பு.

அந்நூல் 1200ஆம் ஆண்டை ஒட்டி லத்தீனுக்குச் சென்றது. ரோஜர் பேக்கன், விட்டெலோ, ஜான் பெக்காம் ஆகியோர் அதைக் கற்று எழுதினர். அக்காலத்தில் ஒளியியலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பெர்ஸ்பெக்டிவா'. ஓவியத்தில் தொலைவைக் காட்டும் முறைக்கு இன்று வழங்கும் பெயரும் அதுவே. 14ஆம் நூற்றாண்டில் நூல் இத்தாலிய மொழிக்கும் வந்தது. பிளாரன்ஸ் ஞானஸ்நானக் கூடத்தின் புகழ்பெற்ற வெண்கலக் கதவுகளைச் செய்த சிற்பி லொரென்சோ கிபெர்ட்டி (1378–1455), தம் குறிப்பு நூலில் இப்னுல் ஹைதமின் கருத்துகளைப் பக்கம் பக்கமாக எடுத்தாண்டிருக்கிறார்.

அதே கூடத்தின் முன்தான் கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி தம் சோதனையைச் செய்தார். கூடத்தை ஒரு சிறு பலகையில் கணக்கிட்டு வரைந்து, பலகையில் ஒரு துளையிட்டார். பின்பக்கமிருந்து துளை வழியே நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்கச் செய்தார். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் உண்மைக் கட்டடம் பொருந்தி நின்றது. 1435இல் ஆல்பெர்ட்டி இதற்கு இலக்கணம் வகுத்தார். கண்ணை உச்சியாகக் கொண்ட கதிர்களின் கூம்பை ஒரு சமதளம் குறுக்கே வெட்டினால் கிடைப்பதே ஓவியம் என்றார். வடிவியல் அறியாதவர் நல்ல ஓவியராக இயலாது என்பதும் அவர் கருத்து.

இதன் கணக்கு நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள்தாம். ஒரே உயரமுள்ள இரு புளியமரங்களில் ஒன்று இரு மடங்கு தொலைவில் நின்றால், படத்தில் அது பாதி உயரமே பெறும். மும்மடங்கு தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. இணையாகச் செல்லும் சாலையின் இரு ஓரங்களும் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடுவதும் இதனால்தான்.

பிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ 1427 அளவில் தீட்டிய சுவரோவியத்தில், தட்டையான சுவர் வளைவுக்கூரை கொண்ட ஓர் அறையாகவே தோன்றும். கோடுகளை நேராக இழுக்க அவர் பயன்படுத்திய நூல் ஈரச்சாந்தில் அழுந்திய தடங்கள் இன்றும் அங்கே உள்ளன. பியரோ தெல்லா பிரான்செஸ்கா ஓவியராக இருந்துகொண்டே கணிதத்திலும் ஓவியத் தொலைவியலிலும் தனித்தனி நூல்கள் எழுதினார். லியொனார்டோ டா வின்சி, 1509இல் வெளிவந்த பச்சோலியின் கணித நூலுக்குத் திண்ம வடிவங்களை வரைந்து தந்தார். அவர்கள் கணக்கிட்ட எண்களும் இந்தியாவில் தோன்றி, அரபு உலகின் வழியே சென்றவை. வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் அவ்வெண்களைக் கற்ற பீசா நகரத்து பிபொனாச்சி, 1202இல் தம் நூலால் அவற்றை இத்தாலியில் பரப்பினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஐரோப்பியர் எல்லாவற்றையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்" என்னும் பெருமிதச் செய்திகள் நம் கைப்பேசிகளில் அடிக்கடி வருகின்றன. அது முழு உண்மை ஆகாது. இப்னுல் ஹைதம் ஓவியம் வரையும் முறையை எழுதவில்லை, பார்வையின் இயல்பை எழுதினார். அதை ஓவியப் பலகைக்குக் கொண்டுவந்த உழைப்பு பிளாரன்ஸ் கலைஞர்களுடையது. அவரும் தாம் மறுத்த யூக்ளிடையும் தாலமியையும் ஆழ்ந்து கற்ற பின்பே மறுத்தார். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல் ஆராய்ந்து ஏற்பவனே உண்மையைத் தேடுபவன் என்பது அவர் நெறி. அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அந்நெறியில் எவ்வளவு நிற்கிறோம்?

நம் முன்னோர் வாழ்ந்த நாடுகளில் அதே கணிதம் வேறொரு கலையாக மலர்ந்தது. பாக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940–998), கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலை ஒரு நூலாக எழுதினார். சதுரங்களை வெட்டிப் பொருத்துவது குறித்துக் கைவினைஞர்களும் வடிவியலாரும் கூடி விவாதித்த செய்தி அதில் இருக்கிறது. பள்ளிவாசல் சுவர்களில் நாம் வியக்கும் விண்மீன் கோலங்கள் இத்தகைய கணக்கில் விளைந்தவை. அங்கே கணக்கும் கலையும் ஒரே பாயில் அமர்ந்திருந்தன. அவற்றைப் பிரித்தது நாம்தான்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் எங்கள் ஹஜ்ரத்திடம் இதைக் கேட்டோம். உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதில் பெரும்பாலான அறிஞர்கள் கண்டிப்புக் காட்டுகின்றனர், அதில் பேணுதலாக இருப்பது நல்லது என்றார். மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு ஓர் ஓவியருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுரை கூறிய செய்தி புகாரியில் பதிவாகியிருப்பதையும் எடுத்துக் காட்டினார். பிறகு மெல்லச் சிரித்தபடி, "நிழலை அளந்து தொழுகை நேரம் பார்த்தவங்க, முக்கோணக் கணக்கால கிப்லாவைக் கண்டுபிடிச்சவங்க நம்ம ஆளுங்க. புள்ள ரோடும் மரமும் வரையறதுக்கா நீங்க பூட்டுப் போட்டீங்க?" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எங்களோடு நடந்து வந்தது.

அன்றிரவே பீரோவைத் திறந்து நோட்டைக் கொடுத்தோம். "உன்கிட்ட கேட்காம வாங்கி வச்சது தப்புமா" என்று சொன்னோம். பெற்றோர் பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. தையல் பெட்டியிலிருந்து நூலும் ஒரு குண்டூசியும் எடுத்து வந்தாள். தாளில் கண் மட்டக் கோட்டை இழுத்து, ஒரு புள்ளியில் ஊசியைக் குத்தி, நூலைக் கட்டி, அதை இழுத்துப் பிடித்துக் கோடுகள் வரைந்தாள். மசாச்சோவைப் பற்றி அவளுக்கு அப்போது நாங்கள் சொல்லியிருக்கவில்லை. திண்டிவனம் சாலையின் புளியமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய் அந்தப் புள்ளியில் மறைந்தன. நன்னி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நடந்தே போயிடலாம் போல இருக்கு" என்றார்.

மேல்நிலையில் கணிதப் பிரிவு எடுத்துக் கட்டடக்கலை படிக்க விரும்புவதாக மகள் இப்போது சொல்கிறாள். அது கைகூடுமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். மதிப்பெண்ணும் வேண்டும், கட்டணமும் வேண்டும், உறவினரின் கேள்விகளுக்கு விடையும் வேண்டும். ஆனால் வேலி எங்கள் பக்கத்திலிருந்து இனி எழாது என்று உறுதி கொண்டிருக்கிறோம்.

வானத்தில் ஏதேனும் பிளவு தெரிகிறதா என்று பார்வையை மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்க்கும்படி சூரா அல்முல்க் நம்மை அழைக்கிறது. கண்ணைப் படைத்தவன் அதைக் கொண்டு கூர்ந்து பார்க்கவும் பணித்திருக்கிறான். அப்படிப் பார்க்கத் துணிந்த பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் பெற்றோராக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.